உயரம் என்றால் பயம், குடும்பத்தோடு கப்பல் பயணம்: யாராவது வழி சொல்லுங்களேன்

செந்தூல்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படித்துவிட்டுப் போகிறவள்தான், எழுதுவது இதுதான் முதல் தடவை.

அப்பாவுக்கு இந்த வருடம் 70 நிறைகிறது. கோயிலில் சாந்தி செய்த கையோடு குடும்பமாக எங்காவது போய்வரலாம் என்று அண்ணன் சொன்னபோது எனக்கும் சந்தோஷம்தான். போன வாரம் குடும்ப வாட்ஸ்அப்பில் டிக்கெட்டை அனுப்பிவிட்டார். போர்ட் கிள்ளானில் கப்பல் ஏறி, பினாங்கு, பூக்கெட் போய்த் திரும்ப 4 நாள். மொத்தம் 11 பேர். எல்லோருக்கும் 12ஆவது தளத்தில் பால்கனி வைத்த அறை, வரிசையாக. ஆசை ஆசையாகப் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார். படத்தைப் பார்த்ததுமே எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது.

எனக்கு உயரம் ஆகாது. சின்ன வயதில் இப்படி இல்லை, பாட்டி வீட்டு ரம்புத்தான் மரத்தில் ஏறி இறங்கியவள்தான். முப்பது வயதுக்கு மேல்தான் வந்தது. இப்போது பெரிய கடைத்தொகுதிகளில் மேல்மாடிக் கைப்பிடி ஓரமாக நடக்க முடியாது, கடைச் சுவரை ஒட்டியே போவேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் கெந்திங் போனபோது கேபிள் கார் பாதி வழியில் கொஞ்சம் நின்றது. ஒரு நிமிடம்கூட இருக்காது. நான் இருக்கையை விட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு மகளின் காலணியை இறுக்கிப் பிடித்திருந்தேன். அவளுக்கு அப்போது 6 வயது. "அம்மா, சூ கழன்றுடும்" என்று அவள் மெதுவாகச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

யாரிடமும் சொல்லாத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். உயரத்தில் நின்றால் விழுந்துவிடுவோம் என்பதைவிட, நானே குதித்துவிடுவேனோ என்ற எண்ணம் வருகிறது. எனக்குச் சாக வேண்டும் என்ற ஆசை கொஞ்சமும் இல்லை. பிறகு ஏன் இப்படி வருகிறது என்று புரியாமல் அதுவே பெரிய பயமாகிவிட்டது.

பயணத்துக்கு இன்னும் 7 வாரம் இருக்கிறது. போகாமல் இருந்தால் அப்பா மனம் கஷ்டப்படும். போனால் 4 நாளும் அறைக்குள்ளேயே கிடப்பேனோ என்று இருக்கிறது. கப்பலில் போய்ப் பழகியவர்கள், இதே பயம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கிள்ளான் மச்சான் எழுதியது:

சகோதரி, ஒரே வழிதான். நேராகக் கேஎல் டவருக்கு, அதான் கோலாலம்பூர் கோபுரத்துக்குப் போங்கள். மேலே கண்ணாடிப் பெட்டி மாதிரி ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதில் போய் 10 நிமிடம் நில்லுங்கள். கீழே 300 மீட்டர். அதையே பார்த்துவிட்டால் கப்பலெல்லாம் ஒன்றும் இல்லை. என் தங்கையை நான் அப்படித்தான் இழுத்துக்கொண்டு போனேன்.

பழைய மாலுமி எழுதியது:

தங்கச்சி, நான் 19 வருடம் பயணிகள் கப்பல்களில் வேலை செய்தவன். பட்டர்வொர்த்தான் ஊர். உங்களை மாதிரி எத்தனையோ பேரைக் கைப்பிடித்து அறைவரை கொண்டுபோய் விட்டிருக்கிறேன். கப்பலைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் தளம். கப்பலில் மேலே போகப் போக உயரம் மட்டும் கூடுவதில்லை, ஆட்டமும் கூடும். ஆட்டம் குறைவாகத் தெரிவது கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில். 12ஆவது தளத்தில் முன்முனையில் இருக்கிறவருக்குத் தெரிகிற ஆட்டம் 5ஆவது தளத்தில் நடுவில் இருக்கிறவருக்குத் தெரியாது. ஆட்டமும் உயரமும் சேரும்போதுதான் உங்களைப் போன்றவர்களுக்குத் தலை கிறுகிறுக்கும். அதனால் கீழ்த்தளத்தில் ஜன்னல் அறை கிடைக்குமா என்று இப்போதே கேளுங்கள். பால்கனி அறையைவிட விலையும் பொதுவாகக் குறைவுதான். கடல் ஜன்னலுக்கு நேர் எதிரே, கிட்டத்தில் இருக்கும். அலை நுரை அடிப்பதுகூடத் தெரியும். என்னைக் கேட்டால் கடலைப் பார்க்க அதுதான் நல்ல இடம்.

இரண்டாவது, தடுப்புக் கம்பி. திறந்த தளங்களில் தடுப்பு குறைந்தது 1 மீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்பது 1966ஆம் வருடத்து அனைத்துலக ஒப்பந்தத்தில் உள்ள விதி. பயணிகள் கப்பல்களில் பெரும்பாலும் அதைவிடக் கூடவே வைத்திருப்பார்கள். உங்கள் இடுப்புக்கு மேலே வரும். கம்பிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கலாம் என்பதற்கும் அளவு உண்டு. சாதாரணமாக நிற்கிற, நடக்கிற ஆள் தவறி விழ மாட்டார். கம்பிமேல் ஏறுகிறவர்களும் உட்காருகிறவர்களும்தான் விழுகிறார்கள்.

மூன்றாவது, பலரும் யோசிக்காத இடம்: கப்பலின் உள்ளே. நடுக்கூடம் ஏழெட்டு மாடிக்குத் திறந்தே இருக்கும், கண்ணாடி லிஃப்ட் அதில் ஏறி இறங்கும். கடலைப் பார்த்துப் பயப்படாதவர்கூட அங்கே திணறுவதைப் பார்த்திருக்கிறேன். கப்பலின் முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் மூடிய லிஃப்ட் இருக்கும், படிக்கட்டும் சுவருக்கு உள்ளேயே போகும். ஏறியதும் முதல் வேலையாக அவை எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அவசரகால ஒத்திகை கட்டாயம். 2012இல் இத்தாலியக் கரையில் கோஸ்டா கொன்கோர்டியா கவிழ்ந்த பிறகு, கப்பல் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ அதை முடிக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். இப்போது பல கப்பல்களில் விளக்கத்தைக் கைபேசியிலோ அறைத் தொலைக்காட்சியிலோ பார்த்துவிட்டு, உங்களுக்கு ஒதுக்கிய கூடுமிடத்தில் போய்த் தலையைக் காட்டினால் போதும். கூடுமிடம் திறந்த தளமாக இருந்தால், உட்பக்கச் சுவரோரம் நிற்கிறேன் என்று ஊழியரிடம் சொல்லுங்கள். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

பூக்கெட்டில் பாத்தோங் கரை என்றால் கப்பல் நடுக்கடலில் நங்கூரம் போட்டு, சின்னப் படகில் கரைக்குக் கூட்டிப்போவார்கள். அந்தப் படகில் ஏறும் வழி தண்ணீர் மட்டத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும், உயரம் இல்லை. மலாக்கா நீரிணை இரண்டு பக்கமும் நிலம் காக்கும் கடல், பெரிய அலை அரிது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் சில நாள் சுமத்ரா பக்கமிருந்து காற்றும் மழையும் அடிக்கும், ஒன்றிரண்டு மணி நேரத்தில் அடங்கிவிடும்.

கிள்ளான் தம்பி சொன்னதை மட்டும் செய்யாதீர்கள்.

ஈப்போ அம்மா எழுதியது:

அறையை மாற்றுவது இருக்கட்டும்மா. முதலில் அண்ணனிடம் சொன்னீர்களா? வீட்டுக்காரருக்காவது தெரியுமா? எனக்கு இருட்டு ஆகாது. அதைப் பதினைந்து வருடம் மாமியார் வீட்டில் மறைத்து நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பயத்தைவிட அதை ஒளிப்பதற்குத்தான் அதிகம் செலவானது. ஒவ்வொரு முறையும் தலைவலி, வயிற்றுவலி என்று ஒரு காரணம் தேட வேண்டும். சொல்லிவிட்ட அன்று ராத்திரிதான் நிம்மதியாகத் தூங்கினேன். சொல்லுங்கம்மா.

பிறை தாதி எழுதியது:

மனநலப் பிரிவில் வேலை செய்த தாதி நான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு மனத்துணிவு குறைவு என்பதால் இது வரவில்லை. நாம் நிற்பதற்கு உடம்பு மூன்று இடத்திலிருந்து செய்தி வாங்குகிறது: உள்காது, கண், பாதமும் மூட்டுகளும். நிற்கும்போது எல்லோருமே லேசாக ஆடிக்கொண்டுதான் இருக்கிறோம். பக்கத்தில் சுவரோ மேசையோ இருந்தால் கண் அதை வைத்து அந்த ஆட்டத்தைத் திருத்திக்கொள்ளும். உயரத்தில் விளிம்புப் பக்கம் கண்ணுக்குப் பக்கத்தில் அசையாத பொருளே இருக்காது. கண் தடுமாறும், ஆட்டம் கூடும். அந்த ஆட்டத்தை உணர்ந்ததும் மூளை ஆபத்து என்று மணி அடிக்கும். ஆக, அந்தத் தள்ளாட்டம் உண்மையாகவே நடப்பது. அதைப் புரிந்துகொண்டால் என்ன செய்ய வேண்டும் என்பதும் புரியும். முதுகைச் சுவரில் சாய்த்து நில்லுங்கள், அல்லது உட்காருங்கள். ஒரு கையால் அசையாத எதையாவது பிடியுங்கள். கீழே பார்க்காமல் தொடுவானத்தைப் பாருங்கள். மூச்சை இழுப்பதைவிட விடுவதற்குக் கூட நேரம் எடுங்கள்.

இது நடுவயதில் வருவதும் சாதாரணம். ஜெர்மனியில் நடந்த ஓர் ஆய்வில் 100 பேரில் 28 பேர் வாழ்க்கையில் ஒரு கட்டத்திலாவது உயரம் தங்களைப் படுத்தியதாகச் சொன்னார்கள். ஒன்றை மட்டும் பிரித்துப் பாருங்கள். கட்டிலில் புரளும்போதோ தலையைத் தூக்கும்போதோ உலகம் சுற்றினால் அது உயரப் பயம் இல்லை, காது சம்பந்தப்பட்டது. அதற்குக் கிளினிக் போக வேண்டும்.

அடுத்து, குதித்துவிடுவோமோ என்ற எண்ணம். நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு உங்கள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அமெரிக்காவில் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2012இல் மாணவர்களிடம் இதைப் பற்றியே கேட்டார்கள். தற்கொலை எண்ணம் வாழ்நாளில் ஒருமுறையும் வராதவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த உந்துதல் வந்திருந்தது. அவர்கள் சொன்ன விளக்கம் இது: உடம்பு ஆபத்தை உணர்ந்து சட்டென்று பின்வாங்குகிறது. ஏன் பின்வாங்கினோம் என்று மனம் பிறகு யோசித்து, "குதிக்க நினைத்தோமோ" என்று தப்பாகப் படித்துவிடுகிறது. பிழைக்க வேண்டும் என்கிற உடம்பின் குரல் அது. தரையில் இருக்கும்போதும், வீட்டில் தனியாக இருக்கும்போதும் சாக வேண்டும் என்று தோன்றினால் அது வேறு விஷயம், அன்றே மருத்துவரைப் பாருங்கள். நீங்கள் எழுதியதில் அது இல்லை.

கிள்ளான் தம்பி, உங்கள் தங்கை நல்லபடியாக இறங்கி வந்தது சந்தோஷம். ஆனால் இழுத்துப்போய் நிறுத்துவது பலருக்குப் பயத்தைக் கூட்டிவிடும். படிப்படியாகப் பழக்கும் முறை 1950களில் ஜோசப் வோல்பே என்ற மருத்துவர் ஒழுங்குபடுத்தியது. இன்றைய சிகிச்சையும் அந்த அடிப்படையில் வளர்ந்ததுதான். பயத்தைப் பத்துப் படியாக எழுதிக்கொள்ள வேண்டும். தாங்கக்கூடிய ஒரு படியில் நின்று, பயம் ஏறி, தானாக இறங்கும்வரை அங்கேயே இருக்க வேண்டும். உச்சத்தில் இருக்கும்போது ஓடிவந்தால், ஓடியதால்தான் பிழைத்தோம் என்று மூளை எழுதிக்கொள்ளும். அது இறங்கும்வரை இருந்தால், இருந்தும் ஒன்றும் ஆகவில்லை என்று எழுதிக்கொள்ளும். எந்தப் படி, எவ்வளவு நேரம் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். வேறு யாரும் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது.

7 வாரம் நல்ல அவகாசம். கடைத்தொகுதியின் முதல் மாடிக் கைப்பிடியிலிருந்து தொடங்குங்கள்.

செந்தூல்காரி எழுதியது:

தாதி அக்கா, அந்தப் பத்தியை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவை அழுதுவிட்டேன். இத்தனை வருடம் எனக்குள் ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஈப்போ அம்மா, இன்றைக்கு ராத்திரி வீட்டுக்காரரிடம் சொல்கிறேன். அண்ணனிடம் ஞாயிற்றுக்கிழமை.

இன்னொரு கவலை. மகளுக்கு இப்போது 8 வயது. மேம்பாலத்தில் போகும்போது கீழே பார்ப்பதற்கு முன்னால் என் முகத்தைப் பார்க்கிறாள். என் பயத்தை அவளுக்கும் கொடுத்துவிட்டேனா?

தண்ணீர்மலை எழுதியது:

பினாங்கிலிருந்து எழுதுகிறேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியை, பாலர் கல்வி படித்தவள். உங்கள் மகள் செய்வதற்கு நேராக ஒரு பழைய சோதனை இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

1960இல் எலினோர் கிப்சன், ரிச்சர்ட் வாக் என்ற இருவர் ஒரு கண்ணாடி மேசை செய்தார்கள். பாதி மேசையில் கண்ணாடிக்கு ஒட்டிக் கட்டம் போட்ட துணி. மறுபாதியில் அதே துணி கீழே தரையில். பார்த்தால் பள்ளம் மாதிரி இருக்கும், ஆனால் கண்ணாடி தாங்கும். தவழும் குழந்தைகளை நடுவில் விட்டு, அம்மா மறுபக்கமிருந்து கூப்பிட வேண்டும். பெரும்பாலான குழந்தைகள் பள்ளப் பக்கம் வர மறுத்துவிட்டன. அப்படியென்றால் உயரத்தைக் கண்டு தயங்குவது தவழும் வயதிலேயே நம்மிடம் இருக்கிறது. நீங்கள் கொடுத்தது இல்லை.

1985இல் வேறு சிலர் அந்த மேசையையே கொஞ்சம் மாற்றினார்கள். பள்ளம் ஆழமாகவும் இல்லை, ஒன்றுமே இல்லாமலும் இல்லை. குழந்தைக்கு முடிவு செய்ய முடியாத அளவு. ஒரு வயதுக் குழந்தைகள் விளிம்புக்கு வந்து, நின்று, அம்மா முகத்தைப் பார்த்தன. அம்மா சிரித்த முகத்தோடு இருந்தபோது 19 குழந்தைகளில் 14 கடந்துவந்தன. அம்மா பயந்த முகம் காட்டியபோது 17இல் ஒன்றுகூட வரவில்லை.

இதைப் படித்துவிட்டுப் பொய்ச் சிரிப்பைப் பழகாதீர்கள். 8 வயதுப் பிள்ளைக்குப் பொய்ச் சிரிப்பு தெரியும். அவளுக்குப் பேச்சு இருக்கிறது, அதுதான் வித்தியாசம். "அம்மாவுக்கு உயரம் பயம். ஆனால் இந்த இடம் பாதுகாப்பானது, அது எனக்குத் தெரியும். நீ அப்பாவோடு போய்ப் பார், நான் இங்கேயே உட்கார்ந்து உன்னைப் பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள். அம்மாவுக்குப் பயம் இருக்கிறது, இடத்தில் ஆபத்து இல்லை. இந்த இரண்டையும் அவள் பிரித்துப் புரிந்துகொண்டால் போதும்.

கப்பல் பினாங்கில் நிற்கிற அன்று ஜோர்ஜ்டவுனில் இறங்கி நடந்தே லெபோ குயின் மாரியம்மன் கோயிலுக்குப் போய்விடலாம். 1833ஆம் வருடக் கோயில். அப்பாவின் 70க்கு அங்கே ஓர் அர்ச்சனை செய்யுங்கள்.

கிள்ளான் மச்சான் எழுதியது:

தாதி அக்கா எழுதியதைத் தங்கையிடம் காட்டினேன். "அன்றைக்கு நீ என்னைக் கூட்டிப்போனதிலிருந்து நான் எங்கேயுமே மேலே ஏறியதில்லை, உனக்குத் தெரியாதா" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். செந்தூல் சகோதரி, நான் சொன்னதை விட்டுவிடுங்கள்.

பூச்சோங் 7 எழுதியது:

மருந்துக்கடையில் கப்பல் மயக்கத்துக்கு மாத்திரை விற்கிறார்களே, பயத்துக்கும் அது உதவுமா? சிலர் இரண்டு கிளாஸ் பீர் குடித்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். இன்னொன்று, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2018இல் மெய்நிகர் கண்ணாடியை மாட்டிவிட்டு உயரப் பயத்துக்குச் சிகிச்சை கொடுத்ததாகப் படித்தேன். கண்ணாடிக்குள்ளே 10 மாடிக் கட்டடம், நடுவில் திறந்த கூடம். மாலுமி ஐயா சொன்ன கப்பல் நடுக்கூடம் மாதிரியே. இரண்டு வாரத்தில் பயம் சராசரியாக 68 விழுக்காடு குறைந்ததாம்.

பிறை தாதி எழுதியது:

அந்த ஆய்வு உண்மைதான். அதிலும் படிப்படியாகத்தான் மாடி ஏற்றினார்கள் என்பதைக் கவனியுங்கள்.

கப்பல் மயக்க மாத்திரை குமட்டலுக்கு மட்டும்தான். பயத்துக்கு ஒன்றும் செய்யாது, தூக்கம் வரவைக்கும். இரத்த அழுத்தம், கண் அழுத்தம், புரோஸ்டேட் தொந்தரவு உள்ள பெரியவர்கள் மருந்தாளரிடம் கேட்காமல் போடவே கூடாது. 70 வயது அப்பாவுக்கு யாரும் அன்பாக ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். சாதாரணக் குமட்டலுக்கு தே ஹாலியா (இஞ்சித் தேநீர்), வாயில் ஓர் அசாம் பொய் (புளிப்பான உலர்பழம்) போதும். பீர் வேண்டவே வேண்டாம். உடம்பின் சமநிலையைக் கெடுப்பதே மதுதான்.

செந்தூல்காரி எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

அண்ணனிடம் சொல்லிவிட்டேன். ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "கெந்திங்கில் கீழே உட்கார்ந்தியே, அன்றைக்கே கேட்டிருக்கணும்" என்றார். அவ்வளவுதான். மறுநாள் முகவரிடம் பேசி எங்கள் மூன்று பேருக்கும் 6ஆவது தளத்தில் நடுப்பகுதியாக ஜன்னல் அறை மாற்றிவிட்டார்.

பத்துப் படி எழுதினேன். முதல் மூன்று படியும் கடைத்தொகுதி மாடிகள். முதல் மாடிக் கைப்பிடியில் கை வைத்து நின்றபோது 9 நிமிடம் ஆனது நெஞ்சு அடங்க. அடுத்த வாரம் அதே இடத்தில் 4 நிமிடம்.

ஐந்தாவது படியாகப் பத்துமலை வைத்திருந்தேன். 272 படி. எத்தனையோ தைப்பூசத்துக்குப் போயிருக்கிறேன், கூட்டத்தோடு ஏறும்போது முதுகைத் தவிர வேறு எதுவும் தெரியாது. ஞாயிறு காலை 7 மணிக்குப் படி காலியாக இருந்தது. ஏறுவது சிரமமில்லை, கண்ணுக்கு முன்னால் படி இருக்கிறது. மேலே போய்த் திரும்பினேன். முருகன் சிலையின் தோளுக்கு மேலே கோம்பாக் வீடுகள் எல்லாம் கீழே கிடந்தன. கால் இரண்டும் மரத்துவிட்டது. தாதி அக்கா சொன்னபடி ஓரக் கைப்பிடியைப் பிடித்து உட்கார்ந்தேன். என் பக்கத்தில் ஒரு குரங்கு தேங்காய் மூடியைச் சுரண்டிக்கொண்டிருந்தது. அதன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நகம் கறுப்பாக, நம் குழந்தைகள் நகம் மாதிரியே இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிறகு ஒவ்வொரு படியாக, கைப்பிடியை விடாமல், இறங்கினேன். நடுவில் இரண்டு முறை உட்கார்ந்தேன். மகள் எனக்கு இரண்டு படி முன்னால் போனாள். நான் நின்றபோதெல்லாம் அவளும் நின்றாள், ஒன்றும் கேட்கவில்லை.

எட்டாவது படி பினாங்குப் படகின் மேல்தளம் என்று எழுதியிருந்தேன். அது நடக்கவில்லை, கோலாலம்பூரிலிருந்து போக நேரம் இல்லை.

ஈப்போ அம்மா எழுதியது:

அண்ணன் சொன்ன அந்த ஒரு வரி போதும்மா. போய்வாருங்கள்.

செந்தூல்காரி எழுதியது:

போய்வந்துவிட்டோம். நல்லதையும் கெட்டதையும் அப்படியே எழுதுகிறேன், இனி போகிறவர்களுக்கு உதவும்.

கெட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாலுமி ஐயா அவ்வளவு சொல்லியும், முதல் நாள் பெட்டிகளும் பிள்ளைகளுமாக அவசரத்தில் கூட்டத்தோடு கண்ணாடி லிஃப்டில் ஏறிவிட்டேன். கதவு மூடிய பிறகுதான் தெரிந்தது. தரை காலுக்குக் கீழே நழுவிப் போவது போல இருந்தது. வீட்டுக்காரர் என்னைக் கதவுப் பக்கம் திருப்பி நிறுத்தி, தன் உடம்பால் மறைத்துக்கொண்டார். 6ஆவது தளத்தில் இறங்கியதும் நடைவழிச் சுவரில் சாய்ந்து அழுதேன். பயிற்சி எல்லாம் வீண் என்றுதான் தோன்றியது. அதற்குப் பிறகு 4 நாளும் பின்பக்கப் படிக்கட்டுதான்.

ஒத்திகையில் ஊழியப் பெண்ணிடம் சொன்னேன். அவள் தலையசைத்துவிட்டு, சுவரோரம் இருந்த ஆட்களை நகர்த்தி எனக்கு இடம் செய்தாள். அரை நிமிட வேலை.

இனி நல்லது. கீழ்த்தளத்தில் உயிர்காப்புப் படகுகள் தொங்கும் இடத்தில் ஒரு நடைவழி இருந்தது. மேலே படகுகள் கூரை மாதிரி மறைக்கும், ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் கடல் கிட்டத்தில். காலையில் அங்கே ஆளே இருக்காது. இரண்டாம் நாள் விடியற்காலை நான் சுவரோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது அப்பா இரண்டு கப் காப்பியோடு வந்தார். "மேலே ஒரே காற்று, பாட்டுச் சத்தம். இங்கேதான் கடல் மாதிரி இருக்கு" என்றார். அதற்குப் பிறகு தினமும் வந்தார். அவர் தோட்டத்தில் கித்தா (ரப்பர்) மரத்தில் பால் வெட்டிய காலத்துக் கதைகளை அந்த நாற்காலியில்தான் கேட்டேன். 12ஆவது தளத்தில் எல்லோரோடும் இருந்திருந்தால் இவ்வளவு பேசியிருப்போமா என்று தெரியவில்லை.

பினாங்கு வந்த காலை அங்கிருந்தே பார்த்தோம். பினாங்குப் பாலத்துக்கு அடியில் பெரிய கப்பல் போக முடியாது என்பதால் தீவின் வடக்குப் பக்கமாகத்தான் துறைக்கு வருகிறது. பினாங்கு மலை முதலில் மேகத்துக்குள் இருந்து வெளியே வந்தது, அப்புறம் கொம்தார் கோபுரம். இறங்கி வெளியே வந்தால் எதிரிலேயே மணிக்கூண்டு. விக்டோரியா அரசியின் 60 ஆண்டு ஆட்சிக்கு ஆண்டுக்கு ஓர் அடியாக 60 அடி உயரம் என்று அப்பா மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். மாரியம்மன் கோயிலில் அர்ச்சனை செய்தோம். தண்ணீர்மலை டீச்சர், உங்கள் பேரும் சொல்லத் தோன்றியது, பேர் தெரியாததால் மனத்துக்குள் வேண்டிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் ராத்திரி அண்ணன் அறையில் கேக் வெட்டினார்கள். எல்லோரும் பால்கனியில். நான் உள்ளே நின்றேன். யாரும் கூப்பிடவில்லை, அதுதான் பெரிய உதவி. அண்ணன் ஒரு நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போட்டு, கதவைத் திறந்தே வைத்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து நானே போய் உட்கார்ந்தேன். முதுகு சுவரில், இடது கை கதவுச் சட்டத்தில். முதல் ஐந்து நிமிடம் எதுவும் காதில் விழவில்லை. பிறகு அலைச் சத்தம் கேட்டது. தூரத்தில் மீன்பிடிப் படகுகளின் பச்சை விளக்கு வரிசையாகத் தெரிந்தது. இருபது நிமிடம் இருந்தேன். கம்பிப் பக்கம் போகவில்லை, கீழே பார்க்கவில்லை. மகள் அவள் அப்பா கையைப் பிடித்துக் கம்பி ஓரம் நின்று விளக்குகளை எண்ணினாள். ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தாள். "எத்தனை?" என்று கேட்டேன். "பதினேழு" என்றாள், மறுபடி திரும்பிக்கொண்டாள்.

மேல்தளத்துக் கயிற்று விளையாட்டுப் பக்கம் நான் போகவே இல்லை. போக வேண்டும் என்றும் இல்லை.

ரவாங் புதியவர் எழுதியது:

அக்கா, முழு இழையையும் ஒரே மூச்சில் படித்தேன். எனக்கும் இதே பயம், இதே குதிக்கும் எண்ணம். மனைவி வீட்டார் கப்பல் பதிவு செய்திருக்கிறார்கள். எதிலிருந்து தொடங்குவது?

செந்தூல்காரி எழுதியது:

தம்பி, முதலில் மனைவியிடம் சொல்லுங்கள், இன்றைக்கே. அப்புறம் அறை எந்தத் தளம், நடுவா ஓரமா என்று பாருங்கள். மாற்ற வேண்டுமென்றால் சீக்கிரம் கேட்டால்தான் இடம் இருக்கும். பயணத்துக்கு எத்தனை வாரம் இருக்கிறது என்று எழுதுங்கள், படிகளைச் சேர்ந்தே போடலாம். என் பட்டியலில் அந்தப் படகின் மேல்தளம் இன்னும் பாக்கி இருக்கிறது. ஞாயிறு காலை 7 மணிக்குப் பத்துமலையில்தான் இருப்பேன், மகளும் வருவாள். மனைவியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.